பனிமலையில் இறங்கிய எங்கள் செக்யூரிட்டி ஆபீசர்

பைலட் சார் போய்விட்டார்...

காலையில் பால் ஊற்ற வந்த அக்கா தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உடைத்துத் திறந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே...

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசர் அவர். நான் பேக்கிங் செக்‌ஷன். இங்கே வருவதற்கு முன் அவர் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர்.

"பென்ஷன் வருது, எதுக்கு சார் இந்த வேல?" என்று அவர் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"வூட்ல பேச ஆளு இல்லம்மா."

மனைவி இறந்துவிட்டார். மகன் கனடாவில்.

லஞ்சில் எங்களோடுதான் சாப்பிடுவார். பனிமலையில் காயம்பட்ட சிப்பாயைத் தூக்க, ஒரு சக்கரத்தை மட்டும் பாறையில் ஊன்றி, மற்றது அந்தரத்தில் நிற்க, ஹெலிகாப்டரைப் பிடித்துக்கொண்டிருந்த கதையைச் சொல்வார். நாங்கள் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருப்போம்.

"பயமே இல்லையா சார் உங்களுக்கு?" என்றேன் ஒருநாள்.

எடுத்த கவளத்தை டிபன் பாக்ஸிலேயே வைத்தார்.

"ஒரு வெள்ளத்துல மொட்டமாடியில எட்டு பேரு நின்னாங்கம்மா. ஆறு பேரத்தான் ஏத்த முடியும். வயசான புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும், நீங்க போங்க, அடுத்த தடவ வரோம்னு ஒதுங்கிட்டாங்க. கை வேற காட்டுனாங்க..."

"அப்புறம்?"

"திரும்பிப் போனேன். அந்த வூடே இல்ல."

டிபன் பாக்ஸை மூடி எழுந்து போனார். அந்தக் கதையை மறுபடி சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

போன தீபாவளியன்று கம்பெனிக்கு வந்துவிட்டாராம். வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். "லீவாச்சே சார்?" என்றதற்கு, "தெரியும்ப்பா, சும்மாதான்" என்று சாயங்காலம் வரை கேட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அன்று நான் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தேன். கம்பெனியிலிருந்து பத்து நிமிட தூரம்...

மகனுக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறேன் என்று அழுகிறார்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவர் வீட்டிலிருந்து எடுக்கிறோம். இந்த வாரம் கம்பெனி லீவு, நிறைய பேர் ஊரில் இல்லை. தூக்க நாலு பேர் வேண்டும். இதுவரை வாட்ச்மேன் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

அவரைத் தெரியாதவர்களும் வரலாம். வாருங்கள்.

போயிட்டு வாங்க சார்...