பாதித் தலை

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் 'பாதி' என்று பெயர். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. மனுஷர் காபியைப் பாதி குடித்து வைப்பார், போர்வையைப் பாதி மடிப்பார், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார். ஆனால் அவர்கள் பெயர் வைத்த காரணமே வேறு.

ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டருக்குள் மனிதத் தலை செய்வதுதான் இவர் உத்தியோகம். "உங்க வீட்டுக்காரர் மாடலிங் பண்றாராமே, இந்தத் தொப்பைய வச்சுக்கிட்டா?" என்று என் அண்ணி கேட்டபோது சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அந்த மாடலிங் இல்லை. அங்கே தயாராகும் காது கேட்கும் கருவியை ஒவ்வொரு தடவையும் செய்து மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதனால் ஒரு தலையை வரைந்து, அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொடிப்பொடிக் கட்டங்களாக நறுக்கி, சத்தம் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரைக் கணக்குப் போட வைப்பார். அதற்கு நாள்கணக்கில் ஆகும். இவரோ பாதித் தலையைத்தான் போடுவார். "மூக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுதானே? பாதி போட்டா போதும். மீதிய அப்படியே திருப்பி ஒட்டிக்கலாம்" என்பது அவர் கட்சி.

எனக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போயிற்று. இடது காது பாம்புக் காது, அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன். வலது பக்கம் வந்து நின்று கேட்பவர்களுக்கு என் தலையே குறுக்கே நிற்கும். பாதி வார்த்தை வந்து சேராது. பதில் வராவிட்டால் அவர்கள் சும்மா இருப்பார்களா? "ரொம்பத்தான் தலைக்கனம்" என்று கடைக்கார அம்மாவிடம் வத்தி வைத்தார்கள். அந்த அம்மா நல்ல மாதிரிதான், ஆனாலும் எத்தனை நாள் தாங்குவார்? "அடுத்த மாசத்துலேருந்து நீ பின்னாடி ஸ்டோர் ரூமப் பாத்துக்கோ" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம்! நாலு பேர் முகத்தைப் பார்த்து, நலம் விசாரித்து, மருந்து கொடுக்கிற வேலை அது. அட்டைப்பெட்டிகளிடம் போய் என்ன பேசுவேன்? வீட்டுக்கு வந்து இவர் மேல் பாய்ந்தேன்.

"ஊர்ல உள்ளவன் காதுக்கெல்லாம் கணக்குப் போடுறீங்க, கட்டினவ காது கண்ணுக்குத் தெரியலையா?"

"போட்டுட்டாப் போச்சு" என்றார். சொன்னபடியே ஒரு கருவியும் கொண்டுவந்தார். வலது காதருகே ஒரு மைக், அதற்குக் கேட்பதை இடது காதுக்கு அனுப்பும். மைக்கை எங்கே வைப்பது, எந்தச் சத்தத்தைக் குறைப்பது என்பதெல்லாம் அவர் வரைந்த தலை சொன்ன கணக்கு.

கடையில் மாட்டினேன். அவ்வளவுதான், மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. நன்றாக இருந்த இடது காதும் இரைச்சலில் அடைத்துப்போயிற்று. சாயங்காலம் கருவியை மேஜை மேல் தொப்பென்று போட்டேன்.

"உங்க கணக்கும் வேணாம், காதும் வேணாம்."

அவர் மறுநாள் கடைக்கு வந்து, நான் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தார். இடது கையருகே கண்ணாடித் தடுப்பு, வலது கையருகே ஃபிரிட்ஜ். திரும்பித் திரும்பிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடடா, உன்னையும் பாதியாத்தான் போட்டேன்! அந்தத் தலைக்கு ரெண்டு காதும் கேக்குது. கடையையும் திருப்பி ஒட்டியிருக்கேன். அதுல ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கு, ஃபிரிட்ஜே இல்ல."

"அதானே பாத்தேன்! என்னைய முழு மனுஷியா எப்பதான் பாத்திருக்கீங்க?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பிறகு முழுத் தலை போட்டார். ஒற்றைக் காது, கண்ணாடி, ஃபிரிட்ஜ், எல்லாம் அதனதன் இடத்தில். "பாதி முழுசாயிட்டாரு" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்களாம். கணக்கு முடிந்து புதுக் கருவி வந்தது. மாட்டிய அன்றைக்கே வலது பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் முனகலாக இருமல் மருந்து கேட்டார். ஒரே தடவையில் எடுத்துக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மா என்னிடமிருந்து ஸ்டோர் ரூம் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கருவியைக் கழற்றி வைக்கிற நினைவே இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். எங்கள் சமையலறையில் அடுப்புக்கு இடது பக்கம் சாப்பாட்டு மேஜை, வலது பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி. அவர் சாப்பிடுவார், நான் அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். தினமும் "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுத்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். அந்த 'ஆனா'வுக்காக மனசுக்குள்ளேயே நான் போட்ட சண்டை கொஞ்சமா? உப்பா, காரமா, வாயைத் திறந்து சொன்னால்தான் என்ன?

அன்றைக்கும் "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று எழுந்தார். என் முதுகுக்குப் பின்னால் நடந்து தொட்டிப் பக்கம் போனார். வலது பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் மீதி வந்தது.

"...நீயும் கூட உக்காந்து சாப்பிட்டா இன்னும் நல்லாருக்கும்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "ஏங்க, தெனமும் இதத்தான் சொன்னீங்களா?"

"பின்ன? நீதான் கேட்டும் கேக்காத மாதிரி நிப்பியே" என்றார், குழாயைத் திறந்தபடி.

அடுப்பை அணைத்தேன். குழாயை மூடி, அவர் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, அவரைக் கூட்டிவந்து மேஜையில் எனக்கு வலது பக்கம் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.