பளபளத்த நண்டு

என் கணவர் இருந்தவரை நண்டு வாங்குவது அவர் வேலை. அவர் போன பிறகு எங்கள் வீட்டில் நண்டே சமைக்கவில்லை. இன்று அவருடைய அம்மா, என் அத்தை, நெஞ்சுச் சளிக்கு நண்டு ரசம் கேட்டார்.

மோகனூர் ஆற்றங்கரைக்குப் போனேன்.

“அண்ணன் வரலீங்களா?” என்றார் நண்டு விற்பவர்.

“இல்லீங்க, இன்னைக்கு நான்தானுங்க” என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

பாசி படிந்து கறுத்தவற்றை ஒதுக்கிவிட்டு, கழுவி வைத்ததுபோல் மின்னிய பெரிய நண்டுகளாகப் பொறுக்கினேன்.

வீட்டில் இடித்தபோது ஓடு நொறுங்காமல் மடங்கியது. வெந்த காலை உடைத்தால் தண்ணீர்தான் வடிந்தது. சதை நூலளவுக்குச் சுருங்கி, கொழகொழவென்று, கொஞ்சமும் இனிப்பில்லாமல் இருந்தது.

அத்தை ஒரு காலை உறிஞ்சிப் பார்த்தார்.

“இது சட்டை கழட்டுன நண்டு சாமி. புது ஓடு பெருசா இருக்கும், உள்ள தண்ணியக் குடிச்சு உப்பிக் கெடக்கும். ஓடு இறுகுனாத்தான் கறி ஏறும்.”

“அவரு அழுக்கு நண்டாக் கொண்டாந்தது அதுக்குத்தானுங்களா அத்தை?”

“ஆமா. எனக்கும் அவன் சொல்லித்தான் தெரியும்.”

அத்தை நண்டுக் கால்களை ஒதுக்கி வைத்தார். ரசத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

நண்டு பிடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சட்டை கழற்றிய பிறகு ஓடு இறுக எத்தனை நாளாகும்?

அத்தையும் கேட்கச் சொன்னார்.