குமுதவல்லி போட்ட பூட்டு

கன்னடம் பேசும் ஊரான விஜயநகரில், ஒரு ஸ்கேன் சென்டரில் பதினாறு வருடமாக ரிப்போர்ட் டைப் செய்கிறாள் குமுதவல்லி. அங்கே யாரும் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. பழைய ரிப்போர்ட் ஒன்றைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மாற வேண்டியதை மட்டும் மாற்றுவார்கள். வேலை மளமளவென்று முடியும்.

மூன்று மாதம் முன்பு, வரவேற்பில் இருக்கும் தீபா யாரோ ஒருவரின் பெயரைத் திருத்தப் போய், முடிந்த ரிப்போர்ட்டில் ஒரு வரியையே அழித்துவிட்டாள். டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது என்னவோ குமுதவல்லிதான். அன்று பிடித்த பயம் விடவேயில்லை. மகன் வாமனிடம் கேட்டு, யாரும் கைவைக்க முடியாதபடி ஒவ்வொரு ஃபைலுக்கும் பாஸ்வேர்ட் போடக் கற்றுக்கொண்டாள். அது என்னவென்று பெற்ற மகனுக்கே சொல்லவில்லை. தீபாவிடமா சொல்லிவிடப் போகிறாள்?

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு சிறுநீரக ரிப்போர்ட் வந்தது. மாதிரிக்கு முந்தின நாள் அடித்த மல்லம்மாவின் ஃபைலைத் திறந்தாள். கோபிநத்தம் கிராமத்துக்காரி. "நாளைக்குப் பதினொரு மணிக்கு ஆப்ரேசனுங்க, சீக்கிரம் குடுங்க" என்று அவள் புருஷன் கெம்பையன் அவசரப்படுத்தி வாங்கிப் போயிருந்தார்.

மேலே, இடது சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று இருந்தது. கடைசியில், முடிவு என்ற இடத்தில், வலது.

குமுதவல்லி இரண்டு வரியையும் மறுபடி படித்தாள். ஆபரேஷனில் எடுக்கப் போவது எந்தச் சிறுநீரகத்தை? படத்தைப் பார்க்காமலா கத்தி வைப்பார்கள் என்று மனசு சொன்னது. பயம் அந்தச் சமாதானத்தைக் கேட்டால்தானே.

"தீபா! இந்த ஃபைலத் தொட்டியா நீ?"

"ஐயோ, இல்ல மேடம். நீங்கதான் பாஸ்வேர்ட் போட்டு வெச்சிருக்கீங்களே, நான் எங்க தொடறது?"

உண்மைதான். முந்தின நோயாளியின் வரியை மாற்றாமல் விட்டு, அதன்மேல் பூட்டையும் போட்டவள் அவளே. இப்போது அந்தப் பூட்டை எடுத்துவிட்டால் போதும். யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் என்றாகிவிடும். தீபா ஏற்கெனவே ஒருமுறை தப்பு செய்தவள். எல்லோரும் நம்புவார்கள். பாஸ்வேர்ட் கேட்கும் கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்தும்விட்டாள். தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அடித்ததை அழித்துவிட்டுப் போனை எடுத்தாள். மல்லம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கன்னடத்தில், யார் செய்த வேலை இது என்று சீறினாள்.

"நான்தான். குமுதவல்லி, டைப்பிஸ்ட். வேற யாரும் தொடல. மொதல்ல அந்தம்மாவோட ஆபரேஷன நிறுத்துங்கோ."

இரு என்று சொல்லிப் போனவள் திரும்பி வர நான்கு நிமிடமாயிற்று. மல்லம்மாவுக்கு இன்னும் மயக்க மருந்து கொடுக்கவில்லையாம். படங்களை மறுபடி பார்க்கிறார்களாம். எழுத்தில் கொடு, உங்கள் டாக்டரையும் பேசச் சொல் என்றாள்.

டாக்டர் அறைக்குப் போக எழுந்தாள். வேலை போனாலும் போகலாம். தீபா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். குமுதவல்லி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்க இருந்தேன்னா, இனிமே பூட்டறதுக்கு முன்னாடி நீ ஒருதரம் படிச்சுடும்மா."