நாலு விரற்கடை

கணினியில் கட்டடம் எழுப்புவதுதான் என் வேலை. அளவையாளர் ட்ரோன் பறக்கவிட்டு நிலத்தின் மேடுபள்ளங்களை அளந்து தருவார். அதைத் திரையில் விரித்து, மேலே வீட்டை நிறுத்திப் பார்ப்பேன். மண்வெட்டி படுமுன்னே பிழை தெரிந்துவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

பன்வில பக்கம் மலைச்சரிவொன்றில் ஒரு டீச்சருக்குப் புது வீடு. அவர் குடியிருக்கும் வீடு சரிவின் அடியில். புதியது மேலே, பாதையோரம். மழைக்கு முன் ஒருமுறை அளந்தோம். இன்னோர் அறை வேண்டும் என்றார். அதனால் மழை தொடங்கிய பிறகு மறுபடியும் அளந்தோம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பாதையோரம் அப்படியே பொருந்தியது. கீழ்ப்பாதி மட்டும் நாலு விரற்கடை விலகி நின்றது.

அளவையாளரை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "என்ன நானா, அளவு பிழைச்சுப் போச்சே!"

"இல்ல தம்பி, ரெண்டு தரம் பாத்தேன். எதுக்கும் ஒருக்கா போய்ப் பாருங்க."

"இந்த மழையில ஆர் போறது?" என்று வைத்துவிட்டேன். கீழ்ப்பாதியைப் பிடித்திழுத்துப் பழைய கோட்டில் உட்கார வைத்தேன். திரையில் எல்லாம் அழகாயிருந்தது.

மறுநாள் காலை டீச்சர் நனைந்த குடையோடு கண்டியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "சீக்கிரம் கட்டிருவோம் சேர். பழைய வீடு சரியில்லைங்க. மூணு நாளா குசினிக் கதவச் சாத்தவே முடியல."

நான் திரைப்பக்கம் திரும்பினேன். இழுத்து வைத்ததை இரண்டாம் அளவுப்படியே திரும்ப விட்டேன். விலகிய பாதியின் நடுவில் டீச்சரின் வீடு இருந்தது. அளவு சரிதான், மண்தான் நகர்ந்திருக்கிறது.

"வீட்டில ஆர் நிக்கினம் டீச்சர்?"

"புள்ளைங்க ரெண்டும்தான். மழைன்னு ஸ்கூலுக்கு அனுப்பல. ஏங்க?"

"உடன போன் எடுங்கோ! பாதைக்கு ஏறச் சொல்லுங்கோ!"

மூத்தவள் எடுத்தாள். அவள் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, முன்கதவு தொறக்க மாட்டேங்குதும்மா. இழுத்து இழுத்துப் பாத்துட்டேன்."

"குசினிப் பக்கமா ஓடு! தங்கச்சியத் தூக்கிக்க!" டீச்சர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து அலறினார்.

சாத்த முடியாத அந்தச் சமையலறைக் கதவால்தான் இருவரும் வெளியே வந்தார்கள். பாதையில் நின்று மூத்தவள் பேசும்போதே, பின்னால் மண் இறங்கும் சத்தம் போனில் கேட்டது.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க பாத்துச் சொல்லலேன்னா என் புள்ளைங்க என்ன ஆயிருக்கும் சேர்!"

அந்த விலகலை முந்தின நாளே பார்த்துவிட்டேன் என்று இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.