மாப்பிள்ளை வேலை பார்க்கும் மாடி

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பையன் காபி தம்ளரை வாங்கியபோது அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். விரல்கள் தொடங்குகிற இடத்தில் வரிசையாகக் காய்ப்பு. எங்கள் ஒதியம்பட்டில் கரும்பு வெட்டுகிறவர்களின் கை அப்படி இருக்கும். ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவன் கை ஏன் அப்படி இருக்க வேண்டும்? முகம் வெயிலில் கருத்திருந்தது. சட்டைக் காலருக்கு உள்ளே வேறு நிறம்.

அவனுடைய அம்மா பாகூர் பக்கத்துக்காரர். “சென்னையில மவுண்ட் ரோட்டாண்ட பெரிய கண்ணாடி பில்டிங் கீதே, அதுல ஒசர மாடியில வேலை” என்று பெருமையாகச் சொன்னார். என்ன வேலை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் நடுவில் என் நாக்கு எப்போதும் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், தப்பாக ஏதாவது கேட்டுவிடுவோமோ என்று ஒரு கூச்சம். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது.

என் மகள் அரியூரில் ஒரு ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறாள். எனக்கு ஒரே பிள்ளை. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் அனுப்பும் படங்களைப் போனில் காட்டினாள். எல்லாவற்றிலும் கண்ணாடி, அதற்குப் பின்னால் வானம், மேகம். தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு நாற்காலி இல்லை, ஒரு மேஜை இல்லை, ஃபேன் இல்லை.

“இன்னாடி இது, இவன் எங்கதான் உக்காருவான்?”

“ம்மா, நீ போட்டோவப் பாக்கறியா, போலீஸ் வேல பாக்கறியா?” என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. என் அக்காள் மகளுக்கும் இப்படித்தான் சென்னையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். ஆம்பிளைகள் நாலு பேர் போனார்கள். அவன் ரோட்டில் நின்றபடியே ஒரு பெரிய கட்டடத்தைக் கை காட்டி, “அதுலதான் வேலை” என்றான். எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தான். இவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எம்மாம் ஒசரம்!” என்று ஊருக்கு வந்து சொன்னார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கட்டடத்துக் கேட்டைக்கூட அவன் தாண்டியதில்லை. அக்காள் மகள் இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

அதனால் அக்காள் கண்டிப்பாகச் சொன்னாள். “ஆம்பளைங்கள அனுப்பாத. ஒரு டீய ஊத்திட்டா நல்ல பையன்னு வந்துடுவானுங்க. நாம போவலாம். உள்ள போயி, அவன் உக்கார்ற சீட்ட நான் தொட்டுப் பாக்கணும்.”

கேட்டு அனுப்பினோம். “தாராளமா வாங்க. ஞாயித்துக்கிழமையா வாங்க” என்று பதில் வந்தது. ஆபீஸ் எல்லாம் மூடிக் கிடக்கிற நாளில் எதற்கு வரச் சொல்கிறான்? எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டோம். தண்ணீர், காபி குடிக்கலாம், குற்றமில்லை. கை அலம்பிச் சோற்றில் கை வைத்துவிட்டால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று ஆகிவிடும். பிறகு பேச்சை மாற்ற முடியாது. பஸ் ஏறும்போதே அக்காள் அதை ஞாபகப்படுத்தினாள். “ஓட்டல்ல வாங்கிக் குடுத்தாலும் துன்னாத. அவன் சோறு அவன் சோறுதான்.” பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும். அதனால் காலையிலும் நான் சாப்பிட்டிருக்கவில்லை.

கிளம்பும்போது மகள் வாசலில் நின்று, “மேல போனா கீழ எட்டிப் பாக்காதம்மா, தல சுத்தும்” என்றாள். சரி என்று தலையாட்டினேன். அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

சென்னையில் பையன் வந்து காத்திருந்தான். “வாங்க அத்தை, வாங்க பெரியத்தை” என்றான்.

“அதுக்குள்ள அத்தையாம்” என்று அக்காள் என் இடுப்பில் இடித்தாள்.

மெட்ரோ ரயிலில் பூமிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய் மவுண்ட் ரோட்டில் மேலே ஏற்றினான். வெளியே வந்ததும் எனக்கு அந்தப் பழைய கட்டடம் தெரிந்துவிட்டது. பதினாலு மாடிக் கட்டடம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் அங்கே கொண்டுபோய் நிறுத்தி, “சினிமால பட்டணம்னு காட்டணும்னா மொதல்ல இதத்தான் காட்டுவான், பாத்துக்கோ” என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே மேகம் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கக் கட்டடம் என் மேல் சாய்வது போல் தோன்றியது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினேன். அவர் இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உயரமான கட்டடத்தின் மேல் எனக்கு அன்றைக்குப் போன நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை.

ஆனாலும் அந்தப் பழைய கட்டடத்தில் ஜன்னலை வரிசை வரிசையாக எண்ணலாம். எந்த மாடி என்று விரல் வைத்துச் சொல்லலாம். பையன் காட்டிய கட்டடத்தில் அது முடியவில்லை. அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே கண்ணாடி. மாடி எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், பாதியில் கணக்கு தவறிப்போனது. உள்ளே ஒரு ஆள் கூடத் தெரியவில்லை. எதிரில் இருக்கிற மரமும் பஸ்ஸும் ரோட்டில் நிற்கிற நாங்களும்தான் அதில் தெரிந்தோம். உள்ளே இருப்பதைக் காட்டாமல் நம்மையே நமக்குக் காட்டுகிற கட்டடத்தை எப்படி நம்புவது?

முன்வாசலில் பளிங்குப் படி, பெரிய பூந்தொட்டி. அவன் அந்தப் பக்கம் போகவில்லை. “இப்படி வாங்க அத்தை” என்று சுற்றிப் பின்பக்கமாக அழைத்துப் போனான். குப்பைத் தொட்டிகள் இருந்த சந்து. அக்காள் என் கையைக் கிள்ளினாள். அங்கே இருந்த வாட்ச்மேன் அவனைப் பார்த்துச் சிரித்து, எங்கள் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். ஆக, கேட்டைத் தாண்டிவிட்டோம். அதுவரைக்கும் பொய் இல்லை.

லிஃப்டின் சுவரெல்லாம் ஒட்டுப்பலகை அடித்திருந்தது. சாமான் ஏற்றுகிற லிஃப்டு என்று பார்த்தாலே தெரிந்தது. அது ஏற ஏற என் காது அடைத்தது. கதவு திறந்தால் ஆபீஸ் இல்லை. ஒரு இரும்புப் படி. அதிலும் ஏறினோம். சட்டென்று வெயில் முகத்தில் அடித்தது. மொட்டை மாடி.

பெரிய பெரிய ஏசி மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் கயிறுகள், பக்கெட்டுகள், ஹெல்மெட்டுகள், ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு பலகை.

“இதான் பெரியத்தை, நான் உக்கார்ற சீட்டு” என்று அந்தப் பலகையைக் காட்டினான்.

அக்காள் அதைத் தொடவில்லை. “இன்னாப்பா வெளாட்றியா?”

“இல்ல. கண்ணாடி தொடைக்கிற வேலை. வெளிய, கயித்துல எறங்கி. எங்க செட்டுக்கு நான்தான் மேஸ்திரி. ஆபீஸ் லீவு நாள்லதான் ரோட்டுப் பக்கம் செய்வோம். அதான் இன்னிக்கு வரச் சொன்னேன். எல்லாத்தயும் நேர்ல பாத்துடுங்கன்னு.”

“உங்கம்மா ஆபீஸருன்னாங்களே?”

“ஒசர மாடியில வேலைன்னுதான் சொன்னாங்க. நீங்க ஆபீஸருன்னு நெனச்சிக்கினீங்க.”

அக்காளுக்குக் கோபம் பொங்கியது. “இந்தக் குடும்பமே வாயில வழுக்கிப் போற குடும்பம்டி. எந்திரு, போவலாம்” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் உட்கார்ந்திருக்கவே இல்லை. அப்போதுதான் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தேன்.

அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். “உங்க பொண்ணுகிட்ட மொத நாளே சொல்லிட்டேன் அத்தை. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாங்க.”

மகள் வாசலில் நின்று சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மேலே போனால் கீழே எட்டிப் பார்க்காதே. ஆபீஸுக்குப் போகிறவளிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? இத்தனை நாள் யாரோ ஒரு பையனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டிலேயே ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அக்காளின் போனிலிருந்து கூப்பிட்டேன்.

“தெரியுமாடி உனக்கு?”

“தெரியும்மா.”

“ஏண்டி சொல்லல?”

“சொன்னா நீ மேல ஏறியே இருக்க மாட்ட. பாத்துட்டு வேணாம்னா வேணாம்மா. பாக்காம சொல்லாத.”

போனை அக்காளிடம் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் அதற்கப்புறம் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது? சரி என்று சொன்னால், ஒரு நாள் கயிறு அறுந்தது என்று போன் வந்தால்? நான் விதவையாகத்தான் அவளை வளர்த்தேன். அது என்னவென்று எனக்குத் தெரியும்.

பையன் பேச்சை மாற்ற நினைத்தானோ என்னவோ, “அதோ பாருங்க அத்தை, உங்க பதினாலு மாடி” என்று காட்டினான். மகள் அதையும் சொல்லியிருக்கிறாள் போல. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வீட்டுக்காரர் அண்ணாந்து காட்டியதை நான் குனிந்து பார்த்தேன். அதன் மொட்டை மாடியே தெரிந்தது. பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புக் கட்டடங்கள் கூம்பும் கோபுரமுமாக இன்னும் தாழ்வாக நின்றன. இன்னொரு பக்கம், நாங்கள் நின்ற இடத்தைவிட உயரமாக ஒன்று கம்பியும் கிரேனுமாக ஏறிக்கொண்டிருந்தது.

“அந்தப் பழைய பில்டிங்ல ஜன்னலத் தொறந்து உள்ள நின்னே தொடைச்சிடலாம்” என்றான். “இதுல ஒரு கண்ணாடியும் தொறக்காது. யாராவது வெளிய போயித்தான் ஆவணும்.”

“அந்த யாராவது நீதானா?” என்றாள் அக்காள்.

எனக்கு அப்போது வாய் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. “கயித்தக் காட்டு” என்றேன்.

இரண்டு கயிறு காட்டினான். உட்கார்ந்து இறங்க ஒன்று, அது விட்டால் பிடித்துக்கொள்ள ஒன்று. வருஷக்கணக்காக மாட்டுக் கயிறு மாற்றியவள் நான். கண்ணால் பார்த்தால் கயிறு பொய் சொல்லும். கையில் ஓட விட்டால் சொல்லாது. முழுக் கயிற்றையும் உள்ளங்கையில் ஓட விட்டேன். அது வழவழவென்று இருந்தது. கட்டியிருந்த இரும்புத் தூணை உதைத்துப் பார்த்தேன். அப்புறம் கொட்டகை மூலையில் சுருட்டிக் கிடந்த இன்னொரு கயிற்றை எடுத்தேன். பாதியில் ஒரு இடத்தில் நார் பிசிறிக்கொண்டு இருந்தது.

“இது இன்னா?”

“அது கழிச்சது அத்தை. செவப்புத் துணி கட்டி வச்சிருக்கோம் பாருங்க. அத எடுக்க மாட்டோம்.”

“எடுக்காதத எதுக்கு வச்சிருக்க?”

அவன் கயிற்றை வாங்கித் திரும்ப மூலையில் வைக்கப் போனான்.

“ஒரு நாள் ஒரு கயிறு கொறையும். இது கிடக்குதேன்னு தோணும். அறுத்துப் போடு.”

“கம்பெனில கேட்டுட்டுதான்...”

“அறுத்துப் போடு. நான் பாக்கணும்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். பெட்டியிலிருந்து கத்தி எடுத்தான். பிசிறிய இடத்தில் முதலில் அறுத்தான். ஒரு துண்டும் இன்னொரு துண்டோடு கட்டி உபயோகப்படாத அளவுக்குச் சின்னச் சின்னதாக அறுக்கச் சொன்னேன். அறுத்தான்.

கடைசித் துண்டு விழுந்தபோது எனக்குக் கண் இருட்டியது. வெறும் வயிறு, வெயில், உயரம். அவன் ஓடிப்போய்த் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தான். எலுமிச்சைச் சோறு. “ரெண்டு வாய் சாப்புடுங்க அத்தை.”

“ஏய், கை நனச்சிடாதடி” என்றாள் அக்காள். “தண்ணி மட்டும் குடி. கீழ போயி ஏதாவது வாங்கித் தரேன்.”

தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் வாங்கவில்லை. “தம்பி, தெனமும் தரையில எறங்கினதும் சொல்லணும்” என்றேன். “சும்மா வாயில சொன்னா நம்ப மாட்டேன்.”

“போட்டோ எடுத்து அனுப்பறேன் அத்தை.”

“சரி. தண்ணிய ஊத்து. கை அலம்பணும்.”

அக்காள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் ஊற்றினான். கை அலம்பிச் சோற்றில் கை வைத்தேன். சோற்றில் உப்பு கொஞ்சம் தூக்கல். அதைச் சொல்லவும் செய்தேன்.

இப்போது மகள் சென்னையில் இருக்கிறாள். அங்கேயே ஒரு லேபில் வேலை. தினமும் சாயந்திரம் மாப்பிள்ளையிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வரும். இரண்டு கால், ஒரு ஜோடி ஷூ, கீழே தரை. முகம் இருக்காது. நான்தான் முகம் வேண்டாம், தரை போதும் என்றேன். போனை நெருக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நேற்று அனுப்பியதையே இன்றும் அனுப்பினால்?

போன வாரம் சென்னையில் மழை என்று டிவியில் சொன்னார்கள். படத்தில் தரை காய்ந்து கிடந்தது. உடனே கூப்பிட்டேன்.

“மழையில நாங்க கயித்துல ஏற மாட்டோம் அத்தை. இது கார் நிறுத்துற எடம், கூரைக்குக் கீழ. சாமான் எண்ணி வைக்க வந்தேன்.”

“அப்போ வெளிய வந்து நின்னு ஒண்ணு எடு.”

“நனைஞ்சிடுவேன் அத்தை.”

“நனை” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. ஷூவைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் கண்ணாடிக் கட்டடம் தலைகீழாகத் தெரிந்தது. அதில் யாரும் தொங்குகிறார்களா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்புறம்தான் உலையில் அரிசி போட்டேன்.