சக்கரம் உடைந்த காரணம்

லோகநாதன் பாலாற்றங்கரையில், வாலாஜாபேட்டைக்கு அருகே இருந்த ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூளைக்காரராக இருந்தார். ஜாடியும் கழிவுநீர்க் குழாயும் சுட்ட இடம் அது. 1915இல் ஐரோப்பியச் சண்டையால் கப்பல்கள் வருவது குறைந்தபோது, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலை அவர் தலையில் வந்து விழுந்தது.

பட்டாளத்துப் பூட்ஸுக்காகப் பேரணாம்பட்டு, ஆம்பூர் ஊர்களில் தோல் பதனிடும் ஷாப்புகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. தோலின் உள்பக்கச் சவ்வைச் சீவும் கத்திகளைத் தினமும் சாணை பிடிக்க வேண்டும். அந்தச் சாணைச் சக்கரங்கள் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்தன. இப்போது வரவில்லை. "நம்ம சூளையில சுட முடியுமா?" என்று தொழிற்சாலையின் வெள்ளைக்கார மேனேஜர் துரை கேட்டார். முடியும் என்று லோகநாதன் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

சேலத்துப் பக்கமிருந்து குருந்தக்கல் ரயிலில் வந்தது. வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமானது என்று துரை சொன்ன கல். அதை இடித்து, சலித்து, வெள்ளைக் களிமண்ணோடு பிசைந்து, இரும்பு அச்சில் அழுத்தி, நிழலில் காயவைத்துச் சுட வேண்டும். களிமண் ஜாஸ்தியானால் சக்கரம் கத்தியைத் தின்னாமல் வழுக்கியது. கம்மியானால் கையிலேயே உதிர்ந்தது. சூடு கொஞ்சம் ஏறிவிட்டால் வட்டம் கோணிக்கொண்டது. ஏழு மாதம் இப்படியே போனது. எட்டாவது மாதம் சூளையிலிருந்து எடுத்த ஒரு சக்கரத்தை மரச்சுத்தியால் தட்டினார். வெண்கலக் கிண்ணம் போல ஒலித்தது. உள்ளே விரிசல் இல்லாத சக்கரம் அப்படித்தான் ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓட்டைப் பானை மாதிரி மொத்தென்று கேட்கும்.

பேரணாம்பட்டில் அப்துல் கஃபார் சாயபுவின் தோல் ஷாப்பு ஆறு சக்கரம் கேட்டது. "ஆறு வெச்சா ஆறும் எடுப்பேன் தொரை, ஒண்ணுகூட வீணாவாது" என்று லோகநாதன் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஐந்து நன்றாக ஒலித்தன. ஆறாவதைத் தட்டினார். சத்தம் செத்திருந்தது.

மறுபடி தட்டிப் பார்த்தார். ஈரம் வாங்கியிருக்கும், அதனால்தான் இப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய சக்கரத்தில் ஈரம் எங்கே இருக்கும்? அது அவருக்குத் தெரியும். தெரிந்தும், நடுத்துளையைச் சுற்றி அட்டை வளையத்தை ஒட்டி, வைக்கோல் சுற்றி, மற்ற ஐந்தோடு வண்டியில் ஏற்றினார். துரை தோளில் தட்டிக்கொடுத்தார்.

பதினோராம் நாள் காலை, பேரணாம்பட்டில் அந்தச் சக்கரம் ஓட்டத்திலேயே வெடித்தது. சாணை பிடித்துக்கொண்டிருந்தவர் சர்தார் பாஷா. ஒரு துண்டு அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் தங்கியது, கண் போனது.

சக்கரத்தில் கோளாறா என்று கேட்டுக் கடிதம் வந்தது. துரை லோகநாதனைக் கூப்பிட்டார்.

"நாம சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டியிருப்பாங்க தொரை" என்றார் லோகநாதன். குரல் நடுங்கக்கூட இல்லை. துரை அதையே எழுதி அனுப்பினார். சக்கரத்தைச் சுழற்றும் இன்ஜினைக் கண்டபடி ஓட்டியவன் என்று சர்தார் பாஷாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வருஷம் லோகநாதன் சுட்ட சக்கரங்கள் பெயர் வாங்கின. லோகநாதன் மேஸ்திரி ஆனார். ஒவ்வொரு சக்கரத்தையும் பத்து முறை தட்டினார். நல்ல சக்கரங்களையும் சந்தேகப்பட்டு உடைத்தார். கூட வேலை செய்தவர்கள் அவரைச் சின்னக் குறையும் பொறுக்காத சுத்தக்காரர் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் மனைவி கமலவேணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். குடியாத்தத்து நெசவுக்கார வீட்டுப் பெண் அவள். நூல் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"இதை என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றாள். "அந்த மனுஷன் கிட்ட போய் சொல்லு."

"வேலை போய்டும்."

"அவருக்குப் போனது வேலை மட்டும்தானா?"

மறுநாளே பேரணாம்பட்டுக்குப் போனார். சர்தார் பாஷா தன் வீட்டு வாசலில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் யார் என்று பார்க்க முகத்தை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. லோகநாதன் நின்றபடியே சொல்லி முடித்தார்.

பாஷா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"தட்டிப் பார்த்தியா? நிஜமா தெரிஞ்சுதான் அனுப்பினியா?"

"தெரிஞ்சுதான் பாய்."

"நீ சொல்றதால கண்ணு வராது. ஆனா நான் வேகமா ஓட்டினேன்னு ஷாப்புல எழுதி வெச்சிருக்காங்க. என் தோஸ்துங்களே அதை நம்பிட்டாங்க. எனக்கே பாதி நேரம் சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை ஓட்டினேனோன்னு. எழுந்து வர்றேன். அங்க வந்து சொல்லு."

இருவரும் தோல் ஷாப்புக்கு நடந்தார்கள். அப்துல் கஃபார் சாயபு முன்னாலும், கத்தியோடு நின்ற முப்பது பேர் முன்னாலும் லோகநாதன் மறுபடி சொன்னார். யாரோ ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். சர்தார் பாஷாதான் கையை விலக்கிவிட்டார். "சொல்ல வந்தான். சொல்லிட்டான். போகட்டும்" என்றார். சாயபு தலை குனிந்து, அடுத்த நாளிலிருந்து தோல் தரம் பிரிக்கும் வேலைக்கு வரும்படி பாஷாவிடம் கேட்டுக்கொண்டார்.

துரையிடமும் லோகநாதனே போய்ச் சொன்னார். அன்றோடு வேலை போயிற்று.

பிறகு அரக்கோணத்தில் ஒரு செங்கல் சூளையில் சேர்ந்தார். ரயில் இன்ஜினின் நெருப்புப் பெட்டிக்குள் வைக்கும் தீக்கல் அங்கே சுட்டார்கள். குருந்தக்கல் தூளைக் களிமண்ணில் சேர்த்தால் கல் இன்னும் அதிகச் சூடு தாங்கும் என்று கண்டுபிடித்தார். அவர் சுட்ட கல் உருகவில்லை என்று டிரைவர்கள் சொன்னார்கள். சாணைச் சக்கரமும் செய்து தரச் சொல்லி முதலாளி இரண்டு முறை கேட்டார். கலவை அளவையும் சூட்டையும் தட்டிப் பார்க்கும் முறையையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். தான் மட்டும் அச்சைத் தொடவில்லை. "கல்லு சும்மா ஒரு இடத்துல இருக்கும் சார். சக்கரம் சுத்தும்" என்றார்.

1931இல் அரக்கோணம் ஸ்டேஷனில், மெட்ராஸ் வண்டிக்குக் காத்திருந்த சர்தார் பாஷாவைப் பார்த்தார். தாடி நரைத்திருந்தது. ஒதுங்கிப் போகப் பார்த்தவரை பாஷாவே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பெஞ்சில் இடம் விட்டார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. லோகநாதன் கேட்கவும் இல்லை.

வண்டி வருகிற மணி அடித்ததும் பாஷா கேட்டார்: "உனக்குத் தூக்கம் வருதா லோகநாதா?"

"வருது பாய்" என்றார் லோகநாதன். "நல்லாவே வருது. அதுதான் எனக்குத் தப்பாத் தெரியுது."

வண்டி வந்து நின்றதும் பாஷா எழுந்து ஏறினார். லோகநாதன் அவருடைய மூட்டையை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, சூளைக்குத் திரும்பி நடந்தார்.