ஜாடிக்கு எடுத்த ஸ்கேன்

விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் நாய்க்கு ஸ்கேன் எடுத்த முதல் வீடு எங்களுடையதுதான். அதுவும் என்ன நாய்? வாங்கி வந்த நாயா, வளர்ப்பு நாயா? செராமிக் கம்பெனிக்குப் பின்னால் உடைந்த கப்பும் சாசரும் கொட்டிக் கிடக்கும் மேட்டில் பிறந்து, யாரும் கூப்பிடாமலே எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்ட செவலை நாய். உட்கார்ந்தால் ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கிறது என்று சித்தி அதற்கு ஜாடி என்று பேர் வைத்தாள். சித்தி சோறு வைத்தால்தான் தின்னும். நான் வைத்தால் மோந்து பார்த்துவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவு திமிர்.

அப்பாவுக்குப் பொம்மைக் கம்பெனியில் வேலை. பீங்கான் கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். அப்பாவின் தம்பி, அதாவது சித்தப்பா, குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். வெந்து வந்த பொம்மைகளை வைக்கோல் போட்டு அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். எல்லோரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அப்பாவின் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. சூளைக்குள் எத்தனை உருப்படி வைத்திருக்கிறது என்று, ஆறித் திறக்கும்வரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். கேட்டால், "இருக்குது, இருக்குது" என்பார்கள். எண்ணினால் விரிசல் விட்டுவிடுமாம். இந்தப் பழக்கம் கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் முருங்கை மரத்தில் எத்தனை காய் என்று கேட்டால்கூட "இருக்குது" என்றுதான் பதில் வரும்.

அந்த வருஷம் சித்தி வயிற்றிலும் ஒன்று அப்படித்தான் "இருக்குது" என்கிற கணக்கில் இருந்தது. எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் குசுகுசுவென்று பேசினால் ஏதோ பலகாரம் வரப்போகிறது என்று நினைக்கிற வயசு. அதற்கு முன்னால் சித்திக்கு இரண்டு முறை தங்காமல் போயிருக்கிறது, இரண்டாவது தடவை ஸ்கேன் எடுக்கப் படுத்திருந்தபோதுதான் "துடிப்பு இல்லம்மா" என்று சொன்னார்கள் என்பதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. இந்தத் தடவை சித்தி ஸ்கேனுக்கே வரமாட்டேன் என்றுவிட்டாள். "பாக்காத வரைக்கும் இருக்குதுன்னு இருந்துட்டுப் போறேன், என்னை வுட்ருங்க" என்று ஒரே பேச்சு. அம்மா கெஞ்சினாள். சித்தப்பா சண்டை போட்டார், பிறகு பேசாமல் இருந்து பார்த்தார். ஸ்கேனுக்கு டாக்டர் சொன்ன தேதி தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அதே சமயத்தில்தான் ஜாடிக்கும் வயிறு தெரிந்தது. அப்பாவுக்கு வாய் கொஞ்சம் தாராளம். டீக்கடைக்காரர், கம்பெனி முதலாளி, என் ஸ்கூல் வாத்தியார், சேத்தியாத்தோப்பு மாமா, இன்னும் இரண்டு பேர் என்று ஆறு பேருக்கு ஆளுக்கொரு குட்டி தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். சூளையை எண்ணக் கூடாது என்று பேசுகிற மனுஷன், நாயின் வயிற்றை எண்ணி விநியோகமே செய்துவிட்டார்! அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஒருநாள் பைக்கில் வந்த ஒருத்தன் ஜாடியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டான். ரத்தக் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஜாடி சோற்றைத் தொடவில்லை. சித்தி மடியில் தலையை வைத்துக்கொண்டு கிடக்கும். சித்தியும் அதோடு சேர்ந்து சாப்பிடாமல் கிடந்தாள். பார்த்துப் பார்த்து அப்பா ஒரு காலையில், வண்டியை எடுடா, நாய் டாக்டரிடம் போகலாம் என்று தம்பியை விரட்டினார்.

சித்தி ஏறினால்தான் ஜாடி வண்டியில் ஏறும். "நா வாசல்லயே நின்னுக்குவேன், உள்ள வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சித்தி வந்தாள். முன்னால் சித்தப்பா, நான், சித்தி. பின்னால் வைக்கோல் மேல் அப்பாவும் ஜாடியும். சித்தப்பா பொம்மை ஏற்றிப் போகும்போதுகூட அத்தனை மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை இறக்கி ஏற்றினார். அடேயப்பா, நாய் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. பேர் கேட்டார், அப்பா "ஜாடிங்க" என்றதும் சிரித்துவிட்டார். மேஜையில் படுக்க வைத்தால் ஜாடி துள்ளி எழுந்தது. அப்பாவின் சட்டைக் கையைக் கவ்வியது. இப்படியே இருந்தால் பார்க்க முடியாது, யாருக்கு அடங்கும் என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா சித்தியிடம் நேராகப் பேசமாட்டார், தம்பி பெண்டாட்டி அல்லவா. எது சொல்வதானாலும் நடுவில் நான் வேண்டும். "பாப்பா, சித்திய ஒரு நிமிஷம் உள்ள வரச் சொல்லு" என்றார். வாசலுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். சித்தி அசையவில்லை. உள்ளே ஜாடி ஊளையிட்டது. அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை, வந்துவிட்டாள்.

வந்தவள் ஜாடியின் தலையைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா ஜாடியின் வயிற்று முடியை மழித்துவிட்டு, கொழகொழவென்று எதையோ தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்துத் தேய்த்தார். திரையில் மழைக்காலத்து டிவி மாதிரி ஒரே புள்ளி. நான் எட்டிப் பார்த்து, "ஆணா பொட்டையா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று ஸ்கேன் சென்டரில் எல்லாம் போர்டு தொங்குமே, அதைப் படித்த பயம். என் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏய், அதெல்லாம் கேக்கக் கூடாது, போலீஸு புடிச்சிக்கும். மேடம், புள்ள தெரியாம கேட்டுடுச்சு" என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாய்க்கு அந்தச் சட்டம் இல்லீங்க. ஆனா இதுல எனக்கே தெரியாது" என்றார். பிறகு கையை ஓரிடத்தில் நிறுத்தி, "இதோ பாருங்க, துடிப்பு" என்றார்.

அந்த வார்த்தைக்குச் சித்தி திரும்பினாள். "எங்க?" என்றாள். கறுப்பு வட்டத்துக்குள் என்னவோ ஒன்று மினுக் மினுக்கென்றது. டாக்டரம்மா "இது ஒண்ணு, இது ரெண்டு" என்று ஆரம்பித்ததும் அப்பா பழக்கதோஷத்தில், "எண்ணாதீங்க மேடம்!" என்று பதறினார். மூச்சு விடுவதற்குள், "எத்தினி மேடம்?" என்றார்.

"எண்ணட்டுமா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க."

"ஆறு பேருக்குச் சொல்லிட்டேனுங்க."

"நாலு தெரியுது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சிருக்கும், கூட கொறைய ஆவலாம். எண்ணறதுக்கு இது சரிப்படாதுங்க. பிரசவம் நெருங்கறப்ப எக்ஸ்ரே எடுத்தா எலும்ப வெச்சு எண்ணலாம்."

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்ப இது எதுக்குங்க?"

"உசுரோட இருக்குதான்னு பாக்கத்தாங்க. அடிபட்டு வந்திருக்குது. ஏதாச்சும் கொறை இருந்தா இப்பவே மருந்து குடுக்கலாம். பாத்தாத்தானே குடுக்க முடியும்? பயந்துகிட்டு வூட்லயே வெச்சிருந்தா, நா என்ன செய்ய முடியும் சொல்லுங்க."

அவர் அப்பாவிடம்தான் சொன்னார். சித்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு வாட்டி காட்டுங்க மேடம்" என்றாள். காட்டினார். இன்னொரு வாட்டி என்றாள். மறுபடியும் காட்டினார். சித்தியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டி ஜாடியின் காதில் விழுந்தது. மழித்துப்போட்ட முடியைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "அழுவாத சித்தி, திரும்ப மொளைச்சிடும்" என்றேன். எனக்கும் அந்த மொட்டை வயிற்றைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஊசி போட்டு, மருந்து கொடுத்து, பத்து நாள் கழித்துக் கூட்டிவரச் சொன்னார்கள். குட்டிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பிறந்தன. ஆறும் பிழைத்தன. எல்லாவற்றையும் தானே வரவழைத்தது போல அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் ஒரு குட்டியைச் சித்தி தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டதால் முதலாளிக்கு இல்லாமல் போயிற்று. அவர் கேட்கும்போதெல்லாம் அப்பா, "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று சொல்லியே காலத்தை ஓட்டினார். அந்தக் குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் சித்தி மகன் நிற்கப் பழகினான்.

நான் சொல்ல வந்தது, அன்றைக்குத் திரும்பி வந்த வழியைப் பற்றி. பாலக்கரை பக்கம் வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். சித்தி எனக்கு மேலாக எட்டி, சித்தப்பாவின் தோளைத் தொட்டாள்.

"ஏங்க, நாளைக்கு எனக்கு ஒரு டோக்கன் போட்டுடுங்க. ஸ்கேனுக்கு."

சித்தப்பா நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் ஸ்ரீமுஷ்ணம் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அப்பா வண்டியின் தகரத்தைத் தட்டி, "ஏன்டா நிறுத்திட்ட?" என்று கத்தினார். சித்தப்பாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்க அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சித்தி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளும் அழுதாள், ஆனால் அவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் போட வேண்டுமென்றால் விடிவதற்கு முன்னாலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், சித்தப்பாவோ வெயில் ஏறினால்தான் எழுந்திருக்கிற ஆள். பாவம், அதற்குத்தான் அழுகிறார் என்று முடிவு செய்தேன்.

"அழுவாதீங்க சித்தப்பா, நீங்க தூங்குங்க" என்றேன். "டோக்கனுக்கு நா போயி நிக்கிறேன்."